பக்கத்துத் திரையில் இருந்த பச்சைப் பொத்தான்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துக் களஞ்சியம். அங்கே நானும், கிண்ணியாவிலிருந்து வரும், நான் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனும் ஒரே வாரத்தில் எழுதுநர்களாகச் சேர்ந்தோம். ஒரே பதவி, அருகருகே கதிரை. கணினிக்குள் நுழைந்தால்தான் வேறுபாடு. லொறிகளின் விவரங்களை இருவருமே பதியலாம், பார்க்கலாம். ஆனால் அவருடைய திரையில் மட்டும் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால்தான் வாசலில் லொறியை வெளியே விடுவார்கள்.

எனக்கு ஏன் இல்லை என்று மேலாளரிடம் பல தடவை கேட்டுவிட்டேன். "கொழும்பு ஹெட் ஒஃபிஸில அப்பிடிப் போட்டிருக்கு பிள்ளை" என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதை நானாவிடம்தான் காட்டுவேன். "உங்களுக்கென்ன, ராசா மாதிரி இருக்கிறியள்" என்று குத்துவேன். அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்மா தொழுகைக்குப் போகும் நேரம் லொறிகள் வரிசையில் நிற்கும். சாரதிகள் ஹோர்ன் அடித்தே உயிரை எடுப்பார்கள். அதனால் தன் கடவுச்சொல்லை எனக்குச் சொல்லியிருந்தார். மேலாளருக்கும் தெரியும். தெரியாதவர் போல் இருந்துகொள்வார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அந்தப் பிழையை விட்டேன். மழையில் நனைந்த மூட்டைகள் என்று நிறுத்தி வைத்திருந்த லொறியை, இலக்கத்தைச் சரியாகப் பார்க்காமல் வெளியே அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை காலை மூதூரில் வீடு கட்டுகிறவர் தொலைபேசியில் கத்தினார். மூட்டைக்குள் இருந்தது சீமெந்தல்ல, கல் என்றார்.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். யார் யாருக்கு என்ன அனுமதி என்று அச்சடித்த தாள் மேசையில் கிடந்தது. நானாவின் பெயருக்கு எதிரே சரி அடையாளம், என் பெயருக்கு எதிரே வெறும் கோடு.

"விடுற அனுமதி உங்களுக்கு மட்டும்தான் இருக்கு. கொழும்பில ஆள வேலையால நிப்பாட்டச் சொல்லினம்" என்றார் நானாவிடம்.

"ஓம் சேர், என்ட பேர்லதான் போயிருக்கு" என்றார் நானா. என் பக்கம் திரும்பவேயில்லை. அவருக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கோடு என்னைக் காப்பாற்றிவிடும். உண்மையைச் சொன்னால், அப்படித்தான் யோசித்தேன். பிறகு எப்படியோ வாய் திறந்தது.

"நான்தான் பொத்தானை அமத்தினனான் சேர். நானா ஜும்மாவுக்குப் போயிருந்தவர். வெள்ளிக்கிழமையில நான்தான் அமத்துறனான் எண்டு உங்களுக்கும் தெரியும்."

மேலாளரின் முகம் வெளிறியது. தண்டனை என்றால் இனி மூன்று பேருக்கும்தான். கதவைச் சாத்திவிட்டுக் கொழும்புடன் வெகுநேரம் கதைத்தார். ஒருவருடைய வேலையும் போகவில்லை.

மறுநாள் கணினியைத் திறந்தால் பச்சைப் பொத்தான் என் திரையில் இருந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்த குற்றத்துக்காக நானாவிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வாசலில் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக எனக்குக் கொடுத்திருந்தார்கள். லொறியை விட்டவள் நான் என்பது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

முதல் லொறி வந்தது. நானா விவரத்தைப் பதிந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இத ஒருக்கா விட்டுத் தாறீங்களா?"

குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.