கம்பி பூட்டிய பிக்கப்

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் ஒரு பிக்கப் வாங்கினார். எங்கள் பலசரக்குக் கடைக்கு அரிசி மூட்டை ஏற்றவாம். லண்டனுக்கு வந்த பிறகு தனக்கென்று அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்; அதைச் சொல்ல ஆளுக்கு வெட்கம். அதன் பொனட் என் கழுத்துவரை வந்தது. போதாக்குறைக்கு முன்னால் தடித்த இரும்புக் கம்பிகள் வேறு.

“என்னத்துக்கப்பா இந்தக் கம்பி?”

“மாடு கீடு குறுக்கை வந்தா வாகனத்துக்கு ஒண்டும் நடக்காது.”

“வால்தம்ஸ்டோவிலை எங்கை மாடு நிக்குது?”

“உமக்கு உது விளங்காது. கம்பி இருந்தாத்தான் பாதுகாப்பு.”

சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குக் கோபம் நிற்காது. ஏறி இருந்தால் ராஜா மாதிரி இருக்கிறதாம். எட்டி எட்டி ஏறுகிற கட்டை ராஜா!

வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் பொனட்டில் சந்தனம் பூசி, மாலை போட்டு, சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் தேங்காய் உடைத்தார். “இனி எடுங்கோ” என்று ஒதுங்கினார். இவர் வாகனத்தை நகர்த்தவும், எங்கள் நாலு வயது மகள் சிதறிய தேங்காய்ச் சொட்டுப் பொறுக்க என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடவும் சரியாக இருந்தது.

குளறிக்கொண்டு போய் அவளை இழுத்தேன். வாகனம் நின்றது. கம்பி சரியாக அவள் நெற்றி உயரத்தில் இருந்தது. அவளோ தேங்காய்ச் சொட்டைக் கையில் பிடித்தபடி என்னை முறைத்தாள்.

“கண்ணூறு கழிஞ்சுது” என்றார் ஐயர். கண்ணூறாவது மண்ணாவது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவர் எஞ்சினை நிறுத்தி இறங்கி வந்து, திறப்பை என்னிடம் தந்துவிட்டுத் திரும்ப ஏறி இருந்தார். “பிள்ளையை அதிலையே நிப்பாட்டும்” என்றார். நிறுத்தினேன். கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“கையை உயர்த்தச் சொல்லும்.”

உயர்த்தினாள்.

“உயர்த்தினவளே?”

“ஓம், உயர்த்திக்கொண்டுதான் நிக்கிறாள்.”

இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கினார். அத்தனை சனத்துக்கு நடுவில் விம்மி விம்மி அழுதார். மாலை போட்ட வாகனத்தைக் கோயிலடியிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். இவர் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை. அந்த மனுஷனை நினைக்க எனக்குப் பாவமாகிவிட்டது.

“கம்பியை மட்டும் கழட்டினாப் போதாதேப்பா?” என்று கேட்டேன்.

“கழட்டினாலும் மேலை இருந்து பாத்தாப் பிள்ளையைத் தெரியாது” என்றார். “நாளைக்கே விக்கிறன்.”