வானத்தில் யாரும் மறித்து ஏறுவதில்லை

லண்டனில், செவன் கிங்ஸில் நாங்கள் இருந்த வீட்டுக்கு வாடகை குறைவு. காரணம் பின்வளவில் இருந்தது. வளவு முடிகிற இடத்தில் ஒரு கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை. ஒவ்வொரு வண்டி போகும்போதும் குசினி அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிப் பேசும். ஸ்டேஷனுக்கு நடந்தால் ஒரு சிகரெட் முடிவதற்குள் போய்விடலாம்.

அந்த ஸ்டேஷனுக்குள் என் அண்ணை ஒரு நாளும் காலடி வைத்ததில்லை. ஸ்ட்ராட்போர்டில் ஒரு பெற்றோல் ஷெட்டில் அவருக்கு வேலை. எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸில் போவார், எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸில் வருவார். பனி கொட்டி பஸ் நின்றுபோன நாட்களில் நடந்து போனார்.

"அண்ணை, பஸ்காரர் உங்களுக்குச் சிலை வைக்க யோசிக்கினமாம்" என்பேன்.

"வைக்கட்டும். அதுக்குக் கீழை நீ படுத்துக் கிட. உனக்கும் ஒரு இடம் வேணும்தானே."

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். படிப்புத்தான் என்னை விட்டது என்பார் அண்ணை. பக்கத்து ஊரான இல்ஃபோர்டில் ஒரு கடையில் பெட்டி தூக்கிக்கொண்டு, வாயை மட்டும் முழுநேர வேலைக்கு அமர்த்தியிருந்தேன். ஆனாலும் அவர் ஏன் ரயில் ஏறுவதில்லை என்பதைப் பற்றி நான் பகிடி விட்டதில்லை. பஸ்ஸைப் பற்றித்தான் விடுவேன். அந்த எல்லை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எண்பத்துமூன்றில் அண்ணை கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். கலவரம் தொடங்கிய கிழமையில் ஊருக்குப் போக ரயில் ஏறினார். ஸ்டேஷன் இல்லாத ஓரிடத்தில் ரயிலை மறித்து, தமிழரைத் தேடி ஆட்கள் ஏறினார்கள். அண்ணை மற்றப் பக்கத்துக் கதவால் குதித்து, பற்றைக்குள் கிடந்து தப்பினார். இதற்கு மேல் அவர் சொல்வதில்லை. கலியாணம் கட்டிய புதிதில் ஒரு தரம், நானும் இருக்கும்போது, அண்ணியிடம் சொன்னார்.

"எதிர்ச் சீட்டில ஒரு மனுசி இருந்தவ. நெத்தியில பெரிய குங்குமப் பொட்டு. அழியுங்கோ எண்டு சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வாய் வரேல்லை."

சொல்லிவிட்டு எழும்பிப் போய்க் கடையில் பால் வாங்கி வந்தார். வீட்டில் பால் இருந்தது.

பிளேனுக்கு அவர் பயந்ததில்லை. எங்கள் ஆட்களில் பலருக்கு ஏர்போர்ட் என்றாலே பயம். எந்தக் கவுன்டரில் எந்தக் கடுதாசியைக் கேட்பார்களோ என்று இருக்கும். அண்ணைக்கு அது இல்லை. "வானத்தில ஒருத்தரும் மறிச்சு ஏறமாட்டாங்கள்" என்பார். அவருடைய கணக்கில் அதோடு விஷயம் முடிந்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் தங்கச்சிக்கு, தூர வடக்கே கிளாஸ்கோவில் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளையின் தாய் சக்கர நாற்காலியில் இருப்பவர், லண்டனுக்கு வர ஏலாது. ஆகவே கலியாணம் அங்கேதான். எங்களுக்கு அப்பா இல்லை. அம்மா யாழ்ப்பாணத்தில், வெளிக்கிட வழியில்லாமல் இருந்தா. தகப்பன் இடத்தில் அண்ணையும் தாய் இடத்தில் அண்ணியும் சோடியாக இருந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்றவர் இருக்க முடியாது. வேறு யாரோ ஒரு சோடியைப் பிடித்து இருத்த வேண்டும். அம்மா டெலிபோனில் அழுத அழுகையில் அது நடக்கக்கூடாது என்று எங்களுக்கு விளங்கியது.

அண்ணை ஏஜென்சியில் போய் மூன்று பேருக்கும் பிளேன் டிக்கெட் எடுக்கவிருந்த கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணிக்குத் திகதி வந்தது. காதில் ஒரு ஒப்பரேஷன், நெடுநாளாகக் காத்திருந்தது. நல்லபடி முடிந்தது. வெளியே விடும்போது டொக்டர் சொன்னார்: சில மாதங்களுக்குப் பிளேன் ஏறக்கூடாது.

"பஸ்ஸில போவம்" என்றார் அண்ணை உடனே.

அண்ணி செவன் கிங்ஸில் பஸ் ஏறினால் இல்ஃபோர்டில் தலை சுற்றி இறங்குகிற நிலையில் இருந்தா. கிளாஸ்கோவுக்கு பஸ் என்றால் இரவு முழுக்க ஓட்டம். கார் என்றாலும் அதே தலைச்சுற்றுத்தான். எங்கள் கார் எப்படியும் பக்கத்தில் இருக்கிற றொம்போர்டைத் தாண்டாது.

"ரயில் ஆடாது, அலுங்காது. தம்பியோட நான் ரயில்ல போறன்" என்றா அண்ணி. "நீங்கள் பிளேன்ல வாங்கோ. அங்கை சந்திப்பம்."

"எனக்குப் பிளேனைத் தாங்கோ. அண்ணை நடந்து வரட்டும். எப்படியும் பழக்கம்தானே" என்றேன் நான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை யன்னலுக்கு வெளியே வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் தனக்கு மட்டும் பிளேன் டிக்கெட் எடுத்து வந்தார். போக ஒன்று, வர ஒன்று.

தங்கச்சியைப் பெரியம்மா வீட்டார் முன்கூட்டியே வான் வண்டியில் கூட்டிப் போய்விட்டார்கள். கலியாணத்துக்கு முதல் நாள் காலை நானும் அண்ணியும் வெளிக்கிட்டோம். அண்ணைக்குப் பிளேன் பின்னேரம். வாசலில் வைத்து என்னைத் தோளில் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"டேய், வண்டி இடையில நிண்டா கதவடியில நில்லாதை. சீட்டை விட்டு எழும்பாதை. தமிழில கதைக்காதை."

"எனக்கு வேற என்ன பாஷை தெரியும்?"

"வாயை மூடிக்கொண்டு இரு. அதுக்குப் பாஷை தேவையில்லை."

பிறகு அண்ணியைப் பார்த்தார். அண்ணி நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று முழுகி, பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்திருந்தா. அண்ணை அதைப் பார்த்தபடி நின்றார். ஏதோ சொல்ல வந்தார். சொல்லவில்லை.

யூஸ்டன் ஸ்டேஷனில் பெரிய பலகையில் ஊர்ப் பெயர்கள் படபடவென்று புரண்டுகொண்டிருந்தன. சனம் கழுத்தை உயர்த்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் சீட்டைக் கண்டுபிடித்து, மட்டன் ரோல்ஸ் பெட்டியை மேலே வைத்து, இருந்துவிட்டோம். கதவுகளை ஒவ்வொன்றாக அறைந்து சாத்திக்கொண்டு வந்தார்கள். எங்கள் பெட்டியின் கதவு சாத்துவதற்கு முன் ஒரு கை வந்து பிடித்தது. கலியாணக் கோட்டோடு, பையோடு, மூச்சு வாங்க அண்ணை ஏறினார்.

"அண்ணை, ஹீத்ரோ இந்தப் பக்கம் இல்லை" என்றேன்.

"தெரியும். தள்ளி இரு."

"இஞ்சருங்கோ, பிளேன்?" என்று அண்ணி கேட்டா.

"அது நான் இல்லாமலும் போகும்."

அவ்வளவுதான் விளக்கம். தனக்குப் பயமான ஒன்றுக்குள் அண்ணியை ஏற்றிவிட்டு, தான் மட்டும் பாதுகாப்பாக மேலால் பறக்க அவரால் முடியவில்லை. நாங்கள் வெளிக்கிட்ட கையோடு ஹீத்ரோவுக்கென்று பஸ் ஏறியவர், பாதி வழியில் இறங்கி, டாக்ஸி பிடித்து யூஸ்டனுக்குத் திரும்பியிருக்கிறார். இதைக்கூட அண்ணி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வண்டி நகர்ந்தது. அண்ணை நடைபாதைப் பக்கத்துச் சீட்டில் இருந்தார். பெட்டியின் இரண்டு கதவுகளையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சப்பாத்து நாடாவை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினார். டிக்கெட் பார்ப்பவர் வந்தபோது வாத்தியார் வந்ததுபோல எழும்பி நின்றார். அவரிடம் ரயில் டிக்கெட் இல்லை. அந்த மனுசன் ஒன்றும் கேளாமல் அங்கேயே எழுதிக் கொடுத்து, நன்றி சேர் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணை இருக்க மறந்து இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

ரோல்ஸைத் தொடவில்லை. அண்ணியும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். யாரோ ஒருவர் சாதாரணமாக இருக்க வேண்டுமே.

பிரெஸ்டன் தாண்டி, லங்காஸ்டர் தாண்டி, மலைகள் தொடங்கின. வெட்டவெளி, கல்லால் கட்டிய மதில்கள், ஈரப்புல். அங்கேதான் வண்டி வேகம் குறைந்தது. பிறகு மெல்ல முனகி, நின்றது. ஸ்டேஷன் இல்லை, வீடு இல்லை, றோட்டும் இல்லை. ஓடும்போது இருந்த இரைச்சல் போனதும், பெட்டிக்குள் இருந்தவர்கள் மூச்சு விடுவதே கேட்டது. எதிர்ப்பக்கம் இருந்த வெள்ளைக்கார மனுசன் பேப்பரை மற்றப் பக்கமாக மடித்தார். ஒரு குழந்தை, வண்டி ஏன் நின்றது என்று தாயைக் கேட்டது.

அண்ணையின் முகம் முழுக்க வேர்த்திருந்தது. அவருடைய கை கோட்டுப் பொக்கற்றுக்குள் போய் லேஞ்சியை எடுத்தது. முகத்தைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் லேஞ்சியின் மூலையை எச்சிலால் நனைத்து, அண்ணியின் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

அண்ணி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தா. தட்டிவிடவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தா.

"இஞ்சருங்கோ. இது இருக்கட்டும்."

"கொஞ்ச நேரம்தான். பிறகு வைக்கலாம்."

"ஒருத்தரும் வராயினம்."

"வந்தா?"

"வந்தா ரெண்டு பேரும் குதிப்பம். நீங்கள் முன்னுக்குக் குதிச்சு என்னைப் பிடியுங்கோ."

"உம்மட காது?"

"காதும் என்னோடதான் குதிக்கும். அதைத் தனியப் பிளேன்லயே அனுப்புறது?"

அண்ணை சிரிக்கவில்லை. ஆனால் லேஞ்சி பிடித்த கை இறங்கி அண்ணியின் மடியில் இருந்தது. மணிக்கட்டை அவ விடவில்லை. பக்கத்துச் சீட்டில் இருந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண், இவருக்கு வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். கைப்பையைத் திறந்து ஒரு புதினா இனிப்பை நீட்டினா. அண்ணை வாங்கிக்கொண்டார். பிரிக்காமல் உள்ளங்கையில் வைத்திருந்தார்.

எழும்பாதே என்று சொன்னதை மறந்து நான் எழும்பிவிட்டேன். பெட்டியின் கடைசியில் ரயில் கார்ட் யன்னலால் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டேன். பாதையில் ஆடுகள் என்றார்.

திரும்பி வரும்போது, மறிச்சுப்போட்டினம் அண்ணை என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என் நாக்குக்கு அது பழக்கம். விழுங்கினேன்.

"ஆடு, அண்ணை. பாதையில ஆடு நிக்குது."

"ஆடோ?"

"ஓம்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

"எத்தினை?"

"கேக்கேல்லை."

"போய்க் கேட்டுக்கொண்டு வா."

போய்க் கேட்டேன். கார்ட் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் சொன்னார். நான் வந்து, "மற்றதெல்லாம் போயிட்டுதாம். ஒண்டு மட்டும் நகராமல் நிக்குதாம்" என்றேன்.

அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்தார். இருந்த இடத்திலிருந்து அந்த ஆடு தெரியாது. புல்லும் மதிலும்தான் தெரிந்தன.

"அதுக்கு என்ன பயமோ" என்றார்.

வண்டி கிளம்பி நெடுந்தூரம் போன பிறகு இனிப்பைப் பிரித்து வாயில் போட்டார். கிளாஸ்கோ வரும் வரைக்கும் சப்பாத்து நாடாவை அவர் தளர்த்தவில்லை. இறங்கும்போது அண்ணியை முன்னால் இறக்கி, பிளாட்பாரத்தில் அவவுடைய இரண்டு காலும் ஊன்றியதைப் பார்த்த பிறகுதான் தான் இறங்கினார்.

அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கலியாணம். பெண்ணின் சகோதரன் என்ற முறையில் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி நான் மோதிரம் வாங்கிக்கொண்டேன். மழைக்குள் வந்ததால் கால் ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது. மணவறையில் அண்ணையும் அண்ணியும் சோடியாக இருந்தார்கள். அண்ணி செம்பிலிருந்து தண்ணீரை வார்க்க, அண்ணை தங்கச்சியின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். ஐயர் சொன்ன பிறகும் அவர் தன் கையை எடுக்கவில்லை. சபையில் எல்லோரும் அது பாசம் என்று நினைத்தார்கள். பாசமும்தான்.

திரும்பும் நாளில் அவருடைய பொக்கற்றில் பிளேன் டிக்கெட் இருந்தது. அதை எடுத்து என்னிடம் தந்தார்.

"நீ போ. ஆசைப்பட்டனீதானே."

"நீங்கள்?"

"நான் அண்ணியோட வாறன்."

அந்தக் காலத்தில் உள்ளூர்ப் பிளேனுக்குப் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. அவருடைய பெயரில் நான் பறந்தேன். யன்னல் சீட் கிடைத்தது. தேத்தண்ணி தந்தார்கள், பிஸ்கெட் தந்தார்கள். முகில் விலகிய இடங்களில் கீழே பார்த்தேன். எங்காவது ஒரு கோடு தெரிந்தால் அது ரயில் பாதையோ, ஆறோ என்று யோசித்தேன். அந்தக் கோட்டில் ஏதாவது நிற்கிறதா, நகர்கிறதா என்று அவ்வளவு உயரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணை சொன்னது சரி, வானத்தில் யாரும் மறித்து ஏறவில்லை. ஆனாலும் லண்டன் வரும் வரைக்கும் நான் நிம்மதியாக இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் குசினியில் இருந்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் கோப்பைகள் முட்டின. ஒவ்வொன்றும் முட்டி ஓய்ந்த பிறகு முன்கதவைக் கவனித்தேன். பொழுதுபடுகிற நேரத்தில் கதவு திறந்தது. அண்ணி களைத்துப்போய், காதைப் பொத்திக்கொண்டு வந்தா. பொட்டு கொஞ்சம் கரைந்து மூக்குப் பக்கம் இறங்கியிருந்தது. பின்னால் அண்ணை இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வழியில நிண்டதோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு தரம்" என்றார்.

"பிறகு?"

"ஒருத்தரும் ஏறேல்லை."

பையை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. அண்ணி குனிந்து அவிழ்த்துவிட்டா.

அடுத்த நாள் காலை எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸில் வேலைக்குப் போனார்.