எங்கள் மேல் வழக்குப் போட்ட அத்தை

தனலட்சுமி அத்தை இறந்த செய்தியை எங்களுக்குச் சொன்னது எங்கள் வக்கீலின் குமாஸ்தா. அத்தையின் மகள் மலர் அக்கா எங்களை அழைக்கத் தயங்கி, முதலில் தங்கள் வக்கீலுக்குச் சொல்லியிருக்கிறார். “சார், எதிர்பார்ட்டி தவறிட்டாங்களாம். மஞ்சக்குப்பத்துல, பொண்ணு வூட்ல.” சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றுவிட்டது.

“எதிர்பார்ட்டி இல்லப்பா. எங்க அக்கா.”

அத்தையை அறிந்த உங்களில் பலர், தம்பி மேலேயே கேஸ் போட்டவர் என்று பேசியிருப்பீர்கள். தாத்தாவின் நிலத்திலும் நாங்கள் குடியிருக்கும் வீட்டிலும் பாதி கேட்டு, சிதம்பரம் கோர்ட்டில் அவர் வழக்குத் தொடுத்தது உண்மை. நிலத்தில் அவருடைய பங்கு கல்யாணச் சீரோடு தீர்ந்துவிட்டது என்பது அப்பாவின் வாதம்.

வாய்தா நாளில் சேத்தியாத்தோப்பிலிருந்து வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். விடுமுறையில் நானும் ஒருமுறை போனேன். அத்தை பக்கத்துச் சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார்.

“இங்க வந்து குந்துடி. கேசு ஒங்கப்பன் மேலதான், ஒம்மேல இல்ல.”

“பாப்பாவ ஒன் சைடு சாட்சியா இழுக்காதக்கா” என்றார் அப்பா, பின்சீட்டிலிருந்து.

“ஒனக்கே சாட்சி கெடைக்கலியாமே, அதப் பாரு மொதல்ல!”

பஸ்ஸே சிரித்தது.

அன்று அத்தைக்குக் குறுக்கு விசாரணை. வீட்டைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்லும்படி அவருடைய வக்கீல் வராந்தாவிலேயே சொல்லி அனுப்பினார். எங்கள் வக்கீல் அதையே கேட்டார்: மாடி வீட்டைக் கட்டியது யார்?

“எந்தம்பிதான். துபாய்ல சம்பாரிச்சுக் கட்னான். எங்கப்பா காசு அதுல ஒரு செங்கல்லுக்கும் இல்ல.”

வெளியே வந்ததும் அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். “வூட்டையே தூக்கிக் குடுத்துட்டீங்களேம்மா!”

“வூட்டையும் சேத்து எழுதுனது நீங்க சார். நான் கூண்டுல ஏறிப் பொய் சொல்ல வரல. ஆனா எங்கப்பா நெலத்துல எம்பங்கு இருக்கே, அதுல ஒரு முழம் வுட மாட்டேன்.”

கூண்டு என்றால் குற்றவாளி நிற்கும் இடம் என்று நினைத்திருந்தேன். அங்கே நின்று ஒருவர் அவ்வளவு உயரமாகத் தெரிவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வாதி இறந்தால், கெடுவுக்குள் வாரிசு மனுப் போட்டு வழக்கில் சேர வேண்டுமாம். இல்லையென்றால் வழக்கு விழுந்துவிடும். “சும்மா இருந்தாலே போதும் சார், நெலம் ஒங்களுக்குத்தான்” என்றார் குமாஸ்தா. கருமாதி முடிந்ததும் அப்பா மலர் அக்காவைத் தனியே கூப்பிட்டார்.

“நீ வந்து கேசுல பேரு சேரும்மா.”

“எதுக்கு மாமா? அம்மாவே போயிட்டாங்க. வுட்ருங்க.”

“போட்டது ஒங்கம்மா. நான் எப்பிடி வுடறது?”

“நானே வந்து ஒங்க மேல கேஸ் நடத்தணுமா?” அழுதுகொண்டிருந்த மலர் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நடத்து. நான் எதிர்த்துத்தான் நிப்பேன். ஆளில்லாத நேரத்துல நெலத்த அமுக்குனேன்னா, அக்கா படத்துல இருந்தே மொறைக்கும்.”

மலர் அக்கா மனுப் போட்டார். ஆட்சேபனை உண்டா என்று நீதிபதி கேட்டபோது, எங்கள் வக்கீல் வாய் திறப்பதற்குள் அப்பா எழுந்து, “இல்லீங்க ஐயா” என்றார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. இறந்த பிறகும் தன் கோரிக்கையை எதிராளியே காப்பாற்றும்படி ஒருவர் வாழ முடியும். அத்தையிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பங்கு அது.