ஆமாம் போட்ட இடது காது

எனக்கு இடது காது கேட்காது. பிறக்கும்போதே அப்படித்தான். ஆனால் ஒன்பது வயது வரை அது வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. அப்போதுதான் எங்கள் தொம்மலூர் வீட்டுக்குத் தொலைபேசி வந்திருந்தது. அப்பா ரிசீவரை இடது காதில் வைத்துக்கொண்டு வலது கையால் எதையாவது குறித்துக்கொள்வார். அந்தத் தோரணை பிடித்துப்போய் நானும் இடது காதிலேயே வைப்பேன். வைத்துவிட்டு, "போன் செத்துப்போச்சு" என்று வீடு முழுக்க அறிவிப்பேன். அப்பா இரண்டு முறை புகார் கொடுத்தார். இரண்டு முறையும் லைன்மேன் வந்து கம்பம் ஏறி இறங்கி, "நல்லாத்தானே இருக்கு" என்று முறைத்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை நான் அறிவித்தபோது, மறுமுனையில் சித்தப்பா கத்துவது அடுப்படியில் இருந்த அம்மாவுக்கே கேட்டிருக்கிறது. விஷயம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

ஒரு காதை வைத்துக்கொண்டு தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். அமைதியான அறையில் யார் எந்தப் பக்கம் இருந்து பேசினாலும் கேட்டுவிடும். சத்தமான இடத்தில், அதுவும் இடப்பக்கம் நின்று பேசினால் மட்டும் அவ்வளவுதான், வாய் அசைவது தெரியும், வார்த்தை வராது. அதற்காக நான் ஒரு வித்தை கற்றுவைத்திருந்தேன். தலையாட்டுவது. சும்மா ஆட்டக் கூடாது. எதிராளி முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே ஒரு ஆமாம், கவலையோடு ஒரு ஆமாம், 'அதை ஏன் கேக்கறீங்க' என்கிற மாதிரி ஒரு ஆமாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது தடவை சரியாகவே விழும். மனிதர்கள் நம்மிடம் பேசுவதில் பெரும்பகுதிக்கு ஆமாம் போதும் என்று நான் கண்டுகொண்டது இப்படித்தான்.

மற்றபடி சின்னச் சின்ன ஏற்பாடுகள். மீட்டிங் அறையில் எல்லாரும் என் வலப்பக்கம் வருகிற மாதிரி மேசையின் ஓரத்தைப் பிடித்துவிடுவேன். கார் ஓட்ட மாட்டேன். ஓட்டினால் பக்கத்தில் உட்காருபவர் என் இடது காதுக்கு வந்துவிடுவார். "இந்த டிராஃபிக்ல யாரு சார் ஓட்டுறது" என்று சொன்னால் போதும், பெங்களூரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. பள்ளியில் ஒரு மாதம் "டேய் செவிடு" என்று கூப்பிட்டார்கள், அதோடு பள்ளி மாறினேன். அதன் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான மூன்றாம் நாளே மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அது வேறு. அலுவலகத்தில் பதினோரு வருடமாக ஒருவருக்கும் தெரியாது. ஏன் மறைத்தேன் என்றால் கௌரவம்தான், வேறென்ன.

இந்தத் தலையாட்டலால், என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. அதைச் சொல்வதற்கு என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எந்தக் கணினியை எடுத்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் நினைவகத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் பகுதியில்தான் எனக்கு வேலை. எங்கள் ஊர் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள குடும்பம் ஒன்று ஏறுகிறது, சேர்ந்துதான் உட்காருவோம் என்கிறது. காலி சீட் ஏழெட்டு இருக்கிறது, ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாக. கண்டக்டர் வந்து, நீங்க இப்படி வாங்க, நீங்க பின்னாடி போங்க என்று ஆட்களை நகர்த்தி நாலு சீட்டைச் சேர்த்துக் கொடுக்கிறார். நினைவகத்திலும் சேர்ந்தாற்போல் இடம் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக இருப்பதை நகர்த்தி இடம் பண்ணும் கண்டக்டர்தான் என் பொறுப்பில் இருந்தது.

பெரிய கணினிகளுக்கு இந்தக் கண்டக்டர் அவசியம். சின்னக் கருவிகளுக்கு அவரே ஒரு பாரம். அதனால் கெர்னலை பில்டு செய்யும்போதே, அதாவது கருவியில் ஓடுகிற வடிவத்துக்குக் கட்டி எடுக்கும்போதே, அவர் வேண்டாம் என்று அணைத்துவிடலாம். அணைத்துவிட்டால் அந்த நிரல் கருவிக்குள் போகவே போகாது. சிக்கல் என்னவென்றால், "கண்டக்டர், கொஞ்சம் இடம் பண்ணுங்க" என்று கூப்பிடுகிற நிரல்கள் அங்கங்கே இருக்கும். கூப்பிட்ட பெயரில் ஆளே இல்லை என்றால் பில்டு பாதியில் நின்றுவிடும். ஆகவே அதே பெயரில் ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு வெற்று ஃபங்ஷனை, பெயருக்கு ஒரு நிரல் துண்டை, வைத்துவிடுவோம். அதற்குள் ஒரே ஒரு வரி, கூப்பிட்டவருக்கு என்ன பதில் சொல்வது என்று. எங்கள் தொழிலில் சுழியம் என்று பதில் வந்தால் வேலை ஆச்சு என்று பொருள். கழித்தல் குறியோடு எண் வந்தால் ஆகவில்லை என்று பொருள்.

நான் சுழியம் என்று எழுதினேன். சாப்பாட்டு நேரம், பசி வேறு. இல்லாத கண்டக்டர் என்ன பதில் சொன்னால் என்ன என்று நினைத்தேன். தவிர, எங்கள் மேசைகளில் இருந்த கணினிகள் அத்தனையிலும் அந்த வசதி போட்டே இருக்கும். அணைத்த பில்டை நாங்கள் யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. நிரல் எழுதுகிறவர்களுக்கே உரிய சோம்பல் அது.

ஓட்டிப் பார்ப்பவள் ஒருத்தி இருந்தாள். டெஸ்டிங் பெண். திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊர், ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தாள். எங்களைப் போல நிரந்தரம் இல்லை, கான்ட்ராக்ட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள், நீட்டாவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளிடம் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் அதில் உள்ளதையெல்லாம் ஓட்டிப் பார்த்து டிக் போட வேண்டும். கடைசி வரி, அணைத்த பில்டு. அது ஓடி முடிக்க அரை நாள் ஆகும், அதை ஏற்றி ஓட்ட இருந்ததோ ஒரே ஒரு சோதனை போர்டு.

வெளியீட்டுக்கு முந்தின நாள் காலை பதினோரு மணிக்கு அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். அவள் என் இடப்பக்கம். உரசுகிற மாதிரி ஒரு தண்ணீர் லாரி போனது. அவள் ஏதோ கேட்டாள். முகத்தைப் பார்த்தேன், பெரிய கவலை ஒன்றும் தெரியவில்லை. டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்கிறாள் போல என்று நினைத்து, சிரித்துக்கொண்டே ஆட்டுகிற தலையை ஆட்டினேன். "ஆமா ஆமா" என்றும் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. எனக்கும் திருப்தி.

மூன்று வாரம் கழித்து, எங்களிடம் கெர்னல் வாங்கியவர் ஒரு தராசை மடியில் வைத்துக்கொண்டு ஆனேக்கல்லில் இருந்து வந்து சேர்ந்தார். காய்கறிக் கடைகளுக்கான தராசு. எடை போடும், பில் அச்சடிக்கும், கணக்கைக் கடைக்காரர் போனுக்கு அனுப்பும். உள்ளே எங்கள் கெர்னல், சின்னக் கருவி என்பதால் கண்டக்டர் இல்லாத பில்டு. காலையில் நன்றாக ஓடுகிறதாம். கூட்டம் சேரும் நேரத்தில் ஒன்றேகால் கிலோ என்று காட்டி நின்றுவிடுகிறதாம். பூசணிக்காய் வைத்தாலும் ஒன்றேகால் கிலோ, கொத்தமல்லிக் கட்டு வைத்தாலும் ஒன்றேகால் கிலோ. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வெறும் தட்டும் ஒன்றேகால் கிலோ. அவர் கோபமாகச் சொன்னார், எங்களுக்குத்தான் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

என் சிரிப்பு இருபது நிமிடத்தில் போய்விட்டது. உள்ளே நடந்தது இதுதான். சேர்ந்தாற்போல் இடம் இல்லை, கண்டக்டரைக் கூப்பிடுகிறது. இடம் பண்ணியாச்சா? ஆச்சு என்கிறது என் சுழியம். போய்ப் பார்த்தால் இடமில்லை. திரும்பக் கேட்கிறது. ஆச்சு. திரும்பப் போய்ப் பார்க்கிறது. தராசு நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருந்தது. ஆகவில்லை என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்துக்கொண்டு நிம்மதியாக எடை போட்டிருக்கும்.

அன்று மத்தியானம் மீட்டிங். எங்கள் மேனேஜர் மண்டியாக்காரர். பல வருடம் எங்கள் கூட இருந்து தமிழ் நன்றாகவே பேசுவார், கன்னட வாசனையோடு. பட்டியலைத் திறந்து கடைசி வரியைக் காட்டினார். "இந்த டிக் யார் போட்டது?"

"நான்தான் சார்," என்றாள் அவள். "ஆனா நான் ஓட்டல. டீக்கடையில அண்ணாகிட்ட கேட்டேன், ஆஃப் பில்டு நீங்களே ஓட்டிப் பாத்துட்டீங்களா, இல்ல நான் ஓட்டணுமான்னு. ஆமா ஆமான்னாங்க. போர்டு வேற வேலைக்கு வேண்டியிருந்துச்சு. அவங்களே ஓட்டிட்டாங்கன்னு டிக் போட்டுட்டேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஹௌதா? நிஜமா?"

டீக்கடை என்று அவள் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் லாரி, சர்க்கரை, தெளிந்த முகம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வாயைத் திறந்தேன். "ஞாபகம் இல்லையே சார்," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, குழம்பிப்போன பார்வை. தான்தான் தப்பாக நினைவு வைத்திருக்கிறோமோ என்று யோசிப்பது தெரிந்தது. மேனேஜர் பட்டியலை மூடினார். "சரிம்மா. கான்ட்ராக்ட் விஷயம் மாசக் கடைசியில பாக்கலாம்." அவர் பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். மாதக் கடைசிக்கு நாலு நாள் இருந்தது.

என் இடத்துக்கு வந்து திருத்தத்தை எழுதினேன். சுழியத்தை எடுத்துவிட்டு, 'இந்த வசதி இங்கே இல்லை' என்று பொருள்படும் எண்ணைப் போட்டேன். அணைத்த பில்டை நானே தராசில் ஏற்றி, மறுநாள் மத்தியானம் வரை ஓடவிட்டேன். வாங்கி வந்த தக்காளி, வெங்காயம் எல்லாவற்றுக்கும் ஒழுங்காக எடை காட்டியது. ஒரு வரித் திருத்தம்தான், ஆனால் எந்தத் திருத்தத்தோடும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதியாக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பல வருடம் கழித்துப் படிப்பவருக்கும் ஏன் மாற்றினார்கள் என்று தெரிய வேண்டும். இப்படி எழுதினேன்: 'வசதி அணைக்கப்பட்டிருக்கும்போது இந்த ஃபங்ஷன் வேலை முடிந்ததாகச் சொல்லக் கூடாது. சொன்னால், கூப்பிட்டவருக்கு அதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.'

எழுத்துப் பிழை பார்ப்பதற்காக ஒருமுறை படித்தேன். இரண்டாவது வரியிலேயே கண் நின்றுவிட்டது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆறு வரிசை தள்ளி அவள் தன் மேசையில் குனிந்து, பழைய டிக் ஒவ்வொன்றையும் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை.

எழுந்து மேனேஜர் அறைக்குப் போனேன். கன்னடத்தில்தான் சொன்னேன். தமிழில் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. இந்தக் காது பிறவியிலேயே கேட்காது, அவள் கேட்டது என் காதில் விழவே இல்லை, விழாமலே ஆமாம் என்றேன், நேற்று நீங்கள் கேட்டபோது எனக்கு எல்லாம் புரிந்தது, தெரிந்தேதான் ஞாபகமில்லை என்று சொன்னேன்.

அவர் தமிழுக்கு வந்தார். "ஏன்ரீ, ரெண்டு வருஷம் முன்னாடி டாக்ஸில பின் சீட்ல போனோமே. நம்ம மனே கிருஹப்பிரவேசத்துக்குக் குடும்பத்தோட வாங்கன்னேன். நீங்க சிரிச்சிட்டே தலை ஆட்டினீங்க. அதுவும் இதே தானா?"

அன்றைக்கு இடப்பக்கத்துச் சீட்டை அவர் முதலில் பிடித்துவிட்டிருந்தார். "அதுவும் கேக்கலை சார்."

"உங்களுக்காக எலை போட்டு வெச்சிருந்தோம்," என்றார். "என் மனைவி இன்னும் அதைச் சொல்றாங்க." இரண்டு வருடமாக அவர் என்னிடம் கொஞ்சம் வெட்டினாற்போல் இருந்ததற்கு நான் என்னென்னவோ காரணம் யோசித்துவைத்திருந்தேன். இது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அவளுடைய கான்ட்ராக்ட்டை நீட்டினார். தலையாட்டலை நம்பி டிக் போடலாமா என்று அவளுக்கும் இரண்டு வார்த்தை விழுந்தது. எனக்கு எத்தனை விழுந்தது என்பது இங்கே வேண்டாம். மறுநாள் டீக்கடையில் நானே அவளிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் உருகவெல்லாம் இல்லை. நன்றாகக் கோபப்பட்டாள்.

"ரெண்டு ராத்திரியா எனக்குத் தூக்கம் இல்ல, தெரியுமா? எனக்குத்தான் மண்டையில ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். முதல் நாளே சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கமா வந்து நின்னு பேசியிருப்பேன். ரெண்டு அடிதானே அண்ணா."

எத்தனை வருடத் தோரணை, எத்தனை மேசை ஓரங்கள், ஓட்டாத கார். எல்லாம் இரண்டு அடிக்காக என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்வதற்கு நான் யாருக்கும் வாய்ப்புக் கொடுத்ததும் இல்லை.

அடுத்த வெளியீட்டுக்கு முந்தின நாள் அதே டீக்கடை. பழக்கதோஷத்தில் அவள் என் இடப்பக்கமே நின்றிருந்தாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவள் வாய் அசைந்தது. என் கழுத்து தன் பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிட்டது. கஷ்டப்பட்டு நிறுத்தினேன்.

"கேக்கலம்மா," என்றேன்.

அவள் கிளாஸை எடுத்துக்கொண்டு என்னைச் சுற்றி வலப்பக்கம் வந்து நின்றாள். "ஆஃப் பில்டு ஓட்டிட்டீங்களான்னு கேட்டேன்."

"இல்ல. இன்னும் ஓட்டல."

"சரி, அப்ப நான் ஓட்டிடறேன்," என்று சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தாள்.