எல்லாருக்கும் கிளைசின்

மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை தூக்கினேன். இருமல் நிற்காமல் போனதும் விட்டுவிட்டேன். சிங்காநல்லூரில் ஒரு மில்லில் சேர்ந்தேன், மில்லை மூடினார்கள். அதன் பிறகுதான் ஒரு தனியார் கல்லூரியின் உயிர்வேதியியல் லேபில் அட்டெண்டர் வேலை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் ப்யூரெட் குழாய் கழுவப் போதும் என்றார்கள். கழுவும்போது காதில் விழுந்ததுதான் எனக்குத் தெரிந்த வேதியியல்.

அங்கே செய்முறைத் தேர்வில் யாரும் எதையும் செய்வதில்லை. அமிலத்தில் கரைத்த ஓர் அமினோ அமிலத்தைக் கொடுப்பார்கள். அதில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மீட்டரில் பிஹெச் ஏறுவதைக் குறித்து, கிராஃப் போட்டு, எந்த பிஹெச்சில் அதற்கு என்ன மின்சுமை என்று சொல்ல வேண்டும். அமிலத்தில் பிளஸ், காரத்தில் மைனஸ், நடுவில் எங்கோ பூஜ்யம். அது எங்கே என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும்; தேர்வே அதற்குத்தான். ஆனால் அந்தத் துறையில் வருடா வருடம் கிளைசின் என்ற ஒரே அமினோ அமிலம்தான். ஏழில் பூஜ்யம். சீனியர்களின் கிராஃபைப் பார்த்து வீட்டிலேயே வரைந்து எடுத்து வருவார்கள்.

அந்த வருடம் கிளைசின் தீர்ந்துவிட்டது. துறைத் தலைவியிடம் போய்ச் சொன்னேன்.

"குளூட்டாமிக் ஆசிட் இருக்குதுங்களேண்ணா, அதையே கலக்கி வெச்சுருங்க. எப்படியும் கிளைசின்னுதான் எழுதப் போறாங்க."

முனைவர் பட்டம் வாங்கியவர் சொன்னது இது. அந்த வேறு அமினோ அமிலத்தையே கலக்கி வைத்தேன்.

தேர்வன்று ஒரே ஒரு பெண் மட்டும் கரைசலைத் தொட்டாள். தொண்டாமுத்தூர்ப் பக்கம். போன வருடம் இதே தேர்வில் தோற்றவள். இந்த முறையும் போனால் டிகிரி இல்லை. ஒரு பால் கம்பெனி லேபில் பேசி வைத்திருந்த வேலையும் இல்லை. அந்தப் பயத்தில் நிஜமாகவே சொட்டு விட்டாள். நாலுக்குப் பக்கத்தில் வந்ததும் மீட்டர் நகர மாட்டேன் என்றது. கிளைசின் அங்கே நிற்காது, விறுவிறுவென்று தாண்டிவிடும். இதில் கூடுதலாக ஓர் அமில முனை இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏழில் மைனஸ் ஒன்று என்று எழுதினாள்.

துறைத் தலைவி அதைப் பார்த்துவிட்டு, எல்லாரும் எழுதியதையே எழுது, மானத்தை வாங்காதே என்று காதோடு சொல்லிப் போனார். அவள் ரப்பரைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பிரியாணியை முடித்துவிட்டு வந்து தாள்களைப் புரட்டினார். அவளுடையதில் நின்றார்.

"ஏனம்மணி, கிளைசினுக்கு ஏழுல மைனஸ் ஒன்னா? எந்த ஊர்ல?"

"இது கிளைசினே இல்லீங்க சார். பாட்டிலை வேணா பாருங்க."

கொண்டுவரச் சொன்னார். வைத்தேன். லேபிளைப் படித்துவிட்டுத் துறைத் தலைவியைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். இவள் சரியென்றால் மற்ற அத்தனை பேரும் ஃபெயில்.

"சரி விடுங்க மேடம். எல்லாத்துக்கும் ஒரே மார்க் போட்டுரலாமுங்க."

சொட்டு விட்டவளுக்கும் தொடாதவனுக்கும் ஒரே மதிப்பெண். இரண்டு முனைவர்கள் சேர்ந்து செய்த ஒரே ஆராய்ச்சி.

வெளியே வந்தவளிடம், பிரின்சிபாலிடம் போய்ச் சண்டை போடு, முதல் மதிப்பெண் உன்னுடையது என்றேன்.

"பாஸ்தானுங்களேண்ணா? போதுமுங்க. வாரேனுங்க."

பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வேலை வேண்டும் என்று வந்தாள், கிடைத்துவிட்டது. உள்ளே போய்த் தாள்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப மூட்டை கட்டினேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கிராஃப்கள். அவளுடையதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். அந்த மூட்டையை யாரும் பிரிக்கப் போவதில்லை.