ஹபீபா அக்கா தள்ளிவைக்கச் சொன்ன விருந்து

ஹபீபா அக்கா மவுத்தான செய்தியை ஜமாத் செயலாளர்தான் வீட்டுக்கு வந்து சொன்னார். சேலத்தில் மகள் வீட்டில் இறந்திருக்கிறார். நான் இன்னாலில்லாஹி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வேண்டுகோள் வந்தது. “இரங்கல் கூட்டத்துல நீங்க பேசணுங்க. அவுங்க பொறுமையப் பத்தி நொம்ப எடுத்துச் சொல்லுங்க.”

பொறுமையா? அக்காவை அறிந்தவர்களே, உங்களுக்குத் தெரியும். தப்பாக ஓதினால் யார் வீட்டுப் பிள்ளையானாலும் அவருக்குப் பொறுக்காது. ஏற்காட்டில் எங்கள் மத்ரஸாவில் சிறு பிள்ளைகளுக்கு நான் அரபு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன்; ஹைஸ்கூல் பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர் அவர். பள்ளிக்கூடம் விட்டுச் சீருடையோடு வருகிறவர்களிடம் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, நடு வரியில் விரல் வைப்பார். “இங்கிருந்து ஓது கண்ணு.” காதால் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் படித்த ஜமாத் தலைவர் மகளும் மாட்டினாள். அவள் குர்ஆன் ஓதி முடித்ததற்கான விருந்துக்கு ஊரையே அழைத்திருந்தார்கள். அக்கா விரல் வைத்த இடத்திலிருந்து அவளால் தொடங்க முடியவில்லை. முதலிலிருந்து ஓதட்டுமா என்று கேட்டாள். ஓதினாள். பக்கம் முடிந்தும் தாளைத் திருப்பாமல் ஓதிக்கொண்டே போனாள்.

அன்றே அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு ஒண்டிக்கடைப் பகுதியில் இருந்த தலைவர் கடைக்குப் போனார். “விருந்தத் தள்ளி வைங்க. மூணு மாசத்துல நெசமாவே ஓத வெச்சுடறேன்” என்றார்.

“ஏனுங்க, ஊரெல்லாம் சொல்லியாச்சு. எம் மானத்த வாங்காதீங்க” என்றார் தலைவர்.

“புள்ளைக்கு ஓதத் தெரியலீங்க. மானம் அப்புறம்.”

மறுவாரம் அக்காவை நிறுத்திவிட்டார்கள். பெண்களிடம் கடுமையாக நடக்கிறாராம். இன்று அதே ஆட்கள் கைகட்டி நின்று அவரைப் புகழ்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவர் வகுப்பை வாங்கிக்கொண்டவள் நான். அந்தப் பெண் முழுக் குர்ஆனையும் ஓதி முடித்தாள் என்று சபையில் சொன்னவளும் நான். விருந்திலும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

சில நாள் கழித்துக் கடைவீதியில் அக்காவைப் பார்த்தேன். திட்டுவார் என்று ஒதுங்கினேன். பக்கத்தில் வந்து, “உனக்கும் சரியா ஓத வரலைன்னு எனக்குத் தெரியும். எங்கூட்டுக்கு வா கண்ணு, கதவச் சாத்திக்கிட்டு ஓதலாம். யாருகிட்டயும் சொல்லமாட்டேன்” என்றார்.

தலைவர் மகளோ, விருந்துக்கு மறுநாளே அக்கா வீட்டுக்குப் போய், அலிஃப் என்ற முதல் எழுத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. நான் போகவில்லை. சொல்லிக்கொடுக்கிறவள் போய்க் கற்பதா என்ற வீம்பு.

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த அழைப்பு ஒன்றுதான். என்னிடம் ஓதிய பெண்களே, நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் தப்பு இருக்கிறது. தெரிந்தவரிடம் போய்த் திருத்திக்கொள்ளுங்கள்.