விருந்துக்குச் சமைத்தவர்கள்

சுகந்தா இலங்கை மலைநாட்டில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். கணவன் இறந்த பிறகு, மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, நாற்பது வயதில் ஓமானின் சோஹாருக்கு வீட்டு வேலைக்கு வந்தாள்.

அந்த வீட்டில் இரண்டே பேர். துறைமுக அலுவலகத்தில் வேலை செய்யும் மேனுஜாவும் அவளுடைய அப்பா வல்லிபுரமும். வல்லிபுரம் யாழ்ப்பாணத்தில் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். நீரிழிவு அவருடைய பார்வையை முக்கால்வாசி தின்றுவிட்டிருந்தது.

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவருடைய கடிதங்களைத் தமிழாக்குவது அவருடைய நெடுநாள் ஆசை. போன் ஆங்கிலத்தில் வாசிக்கும்; அவர் தமிழில் சொல்லுவார். எழுதத்தான் ஆளில்லை.

"பிள்ளை, உம்மட எழுத்து எப்படி?"

"வாசிக்கிற மாதிரி இருக்கும் ஐயா."

மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டுச் சுகந்தா பேனாவை எடுத்தாள். மனச்சாட்சி, பேச்சுரிமை, மரம் நடுவது, வயதாவது என்று அந்த மனிதர் எதைப் பற்றி எழுதினாலும் அவளுக்குக் கேட்கப் பிடித்திருந்தது. சில வரிகளைப் பாத்திரம் கழுவும்போது தனக்குள் சொல்லிப் பார்ப்பாள்.

ஒருநாள் விருந்தாளிகளைப் பற்றிய கடிதம் வந்தது. அந்தத் தலைவர் வீட்டில் எப்போதும் கூட்டமாம்.

"இத்தனை பேருக்கு யாரு ஐயா சமைச்சது?"

வல்லிபுரம் போனை நிறுத்தினார். "அடிமைகள்."

"இவரோட அடிமைகளா?"

"ஓம். நிறையப் பேரை வச்சிருந்தவர்."

"பொறகு விட்டுட்டாரா?"

"கொஞ்சப் பேரை. மற்ற ஆக்களை அவர் செத்த பிறகு ஏலத்தில வித்துப்போட்டினம்."

சுகந்தா பேனாவை மூடினாள். "எங்க அப்பா சொல்லுவாரு ஐயா. அந்தக் காலத்துல ஒரு தோட்டத்த விட்டு இன்னொன்னுக்குப் போகணும்னா தோட்டத்து தொரை துண்டுச் சீட்டு எழுதிக் குடுக்கணுமாம். துண்டு இல்லாட்டி யாரும் வேலை தரமாட்டாங்களாம்." சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் வெளியே போய்வரச் சுகந்தா இரண்டு தடவை அனுமதி கேட்டும் மேனுஜா மறுத்திருந்தது வல்லிபுரத்துக்குத் தெரியும். அன்று சாப்பாட்டு மேசையில் அவரே பேச்சை எடுத்தார்.

"அப்பா, உங்களுக்கு விளங்கேல்லை," என்றாள் மேனுஜா. "இவவின்ர விசாவுக்கு நான்தான் கஃபீல், பொறுப்பாளி. ஏதும் நடந்தால் பொலிஸ் என்னட்டத்தான் வரும்."

"நானே பேசுறேன் ஐயா," என்று சுகந்தா குறுக்கிட்டாள். "அக்கா, ஓடணும்னா குப்பை போடப் போறப்பவே ஓடியிருப்பேன். நான் கேக்குறது அதுக்கில்ல. வாரத்துல ஒரு நாளாவது எங்க போறதுன்னு நானே முடிவு பண்ணணும்."

மேனுஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அலுமாரியிலிருந்து சுகந்தாவின் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள்.

"நான் வந்த புதுசில கொம்பனி என்ர பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சிருந்தது. ஒவ்வொரு நாளும் எரிச்சலா இருக்கும். இதை நீங்களே வச்சிருங்கோ."

முதல் வெள்ளிக்கிழமை சுகந்தா கடற்கரைக்குப் புறப்பட்டு, வழி தவறி மீன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாள். வெயிலில் முகம் கறுத்துத் திரும்பினாலும் வாய் நிறையச் சிரிப்பு. அடுத்தடுத்த வாரங்களில் தமிழ்ப் பெண்கள் சிலர் பழக்கமானார்கள். அவர்களில் சுஷ்மிதா என்பவள் வேலை செய்த சிறுவர் பள்ளிக்குச் சமையலுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தம் முடிந்ததும் மேனுஜா மறுபேச்சில்லாமல் வேலை மாறும் தாளில் கையெழுத்துப் போட்டு விடுவித்தாள்.

இப்போது சுகந்தா அந்தப் பள்ளியில் சமைக்கிறாள். சுஷ்மிதாவோடு ஒரு ரூமில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வல்லிபுரத்திடம் எழுதப் போவதை மட்டும் விடவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"முன்னுரையில அந்தச் சமையக்காரங்களப் பத்தியும் வரணும்."

"கடிதத்தில இல்லாததை நான் எப்படிப் பிள்ளை எழுதுறது?"

"முன்னுரை உங்களோடதுதானே ஐயா?"

வல்லிபுரம் மகளைக் கூப்பிட்டார். மேனுஜா இணையத்தில் தேடித் தேடி வாசித்துக் காட்டினாள். அந்தத் தலைவர் வீட்டில் சமைத்தவர்களில் சிலருடைய பெயர்களே கிடைத்தன. கிழவர் சொல்லச் சொல்ல, சுகந்தா அவற்றை மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினாள்.

சென்ற மாதம் கடைசிக் கடிதமும் முடிந்தது. மேனுஜா டைப் செய்கிறாள். எழுத்து விளங்காத இடத்தில் சுகந்தா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறாள். அந்த நாட்களில் தேநீர் போடுவது மேனுஜாதான்.